சிறு கண்ணாடிக் கைவினைக்கு வீட்டுப் பொருள்களையே கருவிகளாகக் கொள்ளலாமா?

கேள்வி: பாலக்கோடு கைவினை

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் மாலை வேளைகளில் ஒன்றுகூடிக் கைவினைப் பொருள்கள் செய்து வருகிறோம். துணி, காகிதம், தேங்காய் ஓடு என்று இருந்த வேலையைக் கண்ணாடிக்கும் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். தருமபுரியில் ஜன்னல் கண்ணாடி பொருத்தும் கடைக்காரர் ஒருவர், வெட்டி மிஞ்சிய மூன்று, நான்கு மில்லிமீட்டர் துண்டுகளை விலையில்லாமல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிற உறவினர் ஒருவரிடம் குளியலறை லூவர் கண்ணாடிகள் கிடைத்திருக்கின்றன. காலி பாட்டில்களுக்கு எந்த வீட்டிலும் குறைவில்லை. இவற்றைக் கொண்டு ஜன்னலில் தொங்கவிடும் சிறு வடிவங்கள், அகல் விளக்கைக் காற்றில் அணையாமல் காக்கும் கூண்டுகள், பாட்டிலின் கழுத்தை நீக்கிச் செய்யும் பேனாக் கூடுகள் ஆகியவற்றைச் செய்ய எண்ணியிருக்கிறோம்.

கண்ணாடி வேலைக்கென்று இணையத்தில் விற்கும் கருவித் தொகுப்புகளின் விலையைப் பார்த்தால், இந்த வேலை எங்களுக்குக் கைவருமா என்று தெரிவதற்கு முன்பே அவ்வளவு பணத்தைப் போட மனம் வரவில்லை. வீட்டில் இருப்பவை தையல் கத்தரிக்கோல், குறடு, இரும்பு ஸ்கேல், கத்தி தீட்டும் சாணைக்கல், ரேடியோ பழுதுபார்க்கும் 25 வாட் சால்டரிங் அயன், சுவரில் துளையிடும் டிரில்லிங் மெஷின் ஆகியவை. தண்ணீருக்குள் கண்ணாடியைக் கத்தரிக்கோலால் வெட்டுவதையும், பாட்டிலைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கட்டிக் கொளுத்திப் பிரிப்பதையும், சமையல் அடுப்பிலேயே கண்ணாடியை உருக்கி மணி செய்வதையும் காணொளிகளில் காட்டுகிறார்கள். இவற்றில் எதை நம்பலாம்? வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி செய்வது எப்படி என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கிருஷ்ணகிரி கண்ணாடிக்கடை

வணக்கம் அம்மா. எங்கள் கடையில் ஜன்னல் கண்ணாடியும் படச்சட்டமும்தான் வேலை. கைவினைப் பொருள் செய்பவன் அல்லன் நான். ஆனாலும் கண்ணாடி எங்கே உடைய விரும்புகிறது என்பது அன்றாடம் பார்க்கிற விஷயம் என்பதால், வெட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிடிப்பதற்கும், தாங்குவதற்கும், அளப்பதற்கும், அழுத்துவதற்கும் வீட்டுப் பொருள்கள் தாராளமாகப் போதும். கீறுகிற சக்கரத்தை மட்டும் கடையில் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடி கட்டரே உங்கள் வேலைக்குப் போதுமானது. கார்பைடு சக்கரம் உள்ளதாகக் கேட்டு வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும். ஆணி, பழைய பிளேடு, ஓடு வெட்டும் கத்தி ஆகியவற்றால் கீறினால் கோடு விழுவதுபோலத் தெரியும். ஆனால் உடைக்கும்போது கண்ணாடி அந்தக் கோட்டை மதிக்காது. கட்டர் கண்ணாடியை அறுத்துப் பிரிப்பதில்லை. அது மேற்பரப்பில் ஒரு நுண்ணிய விரிசலைத் தொடங்கிவைக்கிறது. அதன் பிறகு நாம் கொடுக்கும் வளைவுதான் அந்த விரிசலை மறுபக்கம் வரை ஓட்டிக்கொண்டு போகிறது. தொடங்கிய விரிசல் ஒரே சீராக இருந்தால்தான் ஓட்டமும் சீராக இருக்கும்.

கண்ணாடியைத் துடைத்து, நான்கைந்து செய்தித்தாள்களையோ இஸ்திரி போடும் போர்வையையோ விரித்து அதன்மேல் வையுங்கள். இரும்பு ஸ்கேலின் அடிப்பக்கத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி ஒட்டிவிட்டால் அது நழுவாது. சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் ஸ்கேலின் ஓரத்துக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வரும் என்பதால், அளவெடுக்கும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைப்பது வழக்கம். இப்போது மண்ணெண்ணெய் எளிதில் கிடைக்காத வீடுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பிறகு கண்ணாடியின் ஒரு விளிம்பில் தொடங்கி எதிர் விளிம்பு வரை, நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சரியான அழுத்தத்தில் பட்டுத்துணி கிழிவது போன்ற மெல்லிய ஓசை தொடர்ந்து கேட்கும். கோடு கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். கோடு வெள்ளையாகப் பொடி உதிர்த்துக்கொண்டு வந்தால் அழுத்தம் மிகுதி என்று பொருள். சரியாக விழவில்லை என்று எண்ணி அதே கோட்டின்மேல் இரண்டாம் முறை கட்டரை ஓட்டக் கூடாது. அப்படிச் செய்தால் சக்கரமும் கெடும், உடைவும் தாறுமாறாகும்.

கீறியவுடனே உடைத்துவிடுங்கள்; காப்பி குடித்துவிட்டு வந்து உடைக்கலாம் என்று விட்டுவைத்த கோடு எளிதில் ஓடாது. நேர்க்கோடு என்றால் அதன் ஒரு முனைக்கு நேர் கீழே ஒரு தீக்குச்சியை வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் போதும். ஒரு விரல் அகலக் கீற்றுகளைக் கையால் உடைக்க முடியாது. அதற்கு இரண்டு குறடுகளின் வாயில் இன்சுலேஷன் டேப்பையோ டியூப் ரப்பரையோ சுற்றிக்கொண்டு, கோட்டின் இருபுறமும் பிடித்துக் கீழ்நோக்கி மடக்குங்கள். பூப்போட்ட கண்ணாடியாக இருந்தால் வழுவழுப்பான பக்கத்தில்தான் கீற வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மேசையைத் தூரிகையால் கூட்டிவிடுங்கள், ஏனென்றால் அடியில் கிடக்கும் ஒரு சிறு சில்லு அடுத்த துண்டை எதிர்பாராத இடத்தில் உடைத்துவிடும்.

தண்ணீருக்குள் கத்தரிக்கோலால் வெட்டுவது பொய்யல்ல. விரிசலின் நுனியில் நீர் புகும்போது கண்ணாடியின் பிணைப்புகள் எளிதாக அறுபடுவதால், மெல்லிய கண்ணாடி சிறு சிறு சில்லாக உதிர்ந்து வரும். ஆனால் அதனால் கிடைப்பது கொறித்தெடுத்த விளிம்புதான். வட்டமாக்க வேண்டிய துண்டின் மூலைகளைத் தோராயமாகக் கழிக்க உதவும். இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தும் வேலைக்கு உதவாது. தையல் கத்தரிக்கோலை இதற்குக் கொடுத்தால் அது மறுபடி துணிக்கு ஆகாது.

பதில்: காவேரிப்பட்டணம் பாட்டில் விளக்கு

நூல் கட்டிக் கொளுத்தும் முறையை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கருதுகிறேன். தடித்த பாட்டில்களில் நூலை நான்கைந்து சுற்று இறுக்கமாகக் கட்டி, எரிந்து முடிந்தவுடன் வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் கழுத்து தனியே கழன்று வருகிறது. கட்டர் இல்லாத காலத்தில் இதைத்தான் எல்லோரும் செய்தார்கள்.

பதில்: கிருஷ்ணகிரி கண்ணாடிக்கடை

நீங்கள் சொல்வதுபோல் கழன்று வருவது உண்மைதான் ஐயா. எந்த இடத்தில் கழலும் என்பதை நாம் முடிவு செய்ய முடிவதில்லை என்பதே என் மறுப்பு. எரியும் நூல் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கண்ணாடியைச் சூடாக்குகிறது. அந்த அகலத்துக்குள் விரிசல் விருப்பப்படி அலைகிறது. அலையலையான விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்வது பெரிய உழைப்பு. சேலையும் துப்பட்டாவும் அணிந்து பெண்கள் கூடியிருக்கும் அறையில் எரியும் எண்ணெய் சிந்துவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிடச் சீரான வழி, முதலில் கட்டரால் பாட்டிலைச் சுற்றி ஒரு கோடு இடுவது. ஒரு பலகையில் இரண்டு ரீப்பர் துண்டுகளை இணையாக ஆணியடித்து, அவற்றின் இடுக்கில் பாட்டிலைப் படுக்கவைத்து, அடிப்பாகம் முட்டி நிற்க ஒரு கட்டையைக் குறுக்கே அடித்துவிடுங்கள். கட்டரை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலை உருட்டினால் கோட்டின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று சந்திக்கும். சந்தித்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கை வழுக்கினால் குக்கரின் பழைய ரப்பர் வளையத்தைப் பாட்டிலில் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். அதன் பின் கோட்டின்மேல் கெண்டியிலிருந்து வெந்நீரை மெல்லிய தாரையாகச் சுற்றிச் சுற்றி ஊற்றி, உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மாற்றி மாற்றிச் செய்யும்போது ஒரு கட்டத்தில் ‘டிக்’ என்ற ஒலியோடு தானே பிரியும். பிரியும் முன் இழுக்கக் கூடாது. சாதாரணப் பாட்டில் கண்ணாடி ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரிகிறது. சூடு அதில் மெதுவாகவே பரவுவதால், சூடான பகுதிக்கும் குளிர்ந்த பகுதிக்கும் இடையே எழும் இழுவிசை கோட்டைத் தேடிப்போய் அங்கே உடைக்கிறது. ஆய்வகக் குடுவைகளும் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்களும் போரோசிலிக்கேட் வகை என்பதால் 3.3 பங்குதான் விரியும். அவற்றிடம் இந்த வழி செல்லாது.

பதில்: பர்கூர் கல்பட்டறை

கிரானைட் பட்டறைகள் நிறைந்த மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கண்ணாடி விளிம்பைத் தேய்க்க இணையத்தில் கருவி தேடுவதைப் பார்த்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. கல் பாலிஷ் போடும் இடங்களில் உங்களுக்குத் தேவையான எல்லாமே கழிவாகக் கிடக்கின்றன.

முதலில் சமதளம். பாலிஷ் செய்த கிரானைட் பலகையில் வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முழம் நீளம் போதும். வீட்டில் எந்த மரப்பலகையும் அந்த அளவு மட்டமாக இருக்காது. அதன்மேல் கார் பெயின்ட் கடையில் விற்கும் கறுப்பு வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். கரகரப்பைக் குறிக்கும் எண்களில் 120, 220, 400, 600 என்று வரிசையாகப் போக வேண்டும்; எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். மரம் தேய்க்கும் உப்புத்தாள் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், கண்ணாடிக்கு ஆகாது. உங்கள் சாணைக்கல்லும் பயன்படும், ஆனால் அதில் ஏற்கெனவே கத்தி தீட்டித் தீட்டிக் குழி விழுந்திருக்கும் என்பதால் சிறு மூலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கல்லுக்குப் பாலிஷ் போடும் வைரத்தூள் பேடு. 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண்ணிட்டு வரும். இயந்திரத்தில் ஓட்டித் தேய்ந்துபோன பேடுகளைப் பட்டறைகளில் தூக்கிப் போடுகிறார்கள். கிரானைட்டுக்குத் தீர்ந்துபோன பேடு, அதைவிட மென்மையான கண்ணாடியைக் கையால் தேய்க்க இன்னும் நன்றாகவே வேலை செய்யும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோ அளவையில் 7. ஜன்னல் கண்ணாடி 5.5 முதல் 6 வரைதான். 200, 400, 800 ஆகிய மூன்றும் கிடைத்தால் உங்கள் தேவை முடிந்தது. 50-ஐத் தொடாதீர்கள், அது விளிம்பைச் சில்லுசில்லாகப் பெயர்க்கும்.

தேய்க்கும் முறையும் முக்கியம். வெட்டிய விளிம்பின் தட்டையான முகத்தை உடனே தேய்க்கத் தொடங்காமல், அதன் மேலும் கீழும் உள்ள இரண்டு கூர் ஓரங்களை முதலில் சாய்வாகப் பிடித்து, விளிம்பின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து மழுக்குங்கள். கையைக் கிழிப்பது அந்த ஓரங்கள்தான். பிறகு முகத்தைத் தேய்க்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு துண்டுப் பஞ்சை விளிம்பு முழுவதும் இழுத்துப் பாருங்கள். எங்கேனும் ஓர் இழை சிக்கி நின்றால் அங்கே இன்னும் கூர் இருக்கிறது. பாட்டில் வாய்க்கு, விளிம்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, கிரானைட் துண்டின்மேல் சிலிக்கான் கார்பைடு என்னும் கடினமான தேய்ப்புத் தூளையும் சிறிது தண்ணீரையும் விட்டு எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் தேயுங்கள். பள்ளமான இடங்களில் மை மிஞ்சி நிற்கும். கடைசிப் புள்ளி மை மறைந்தால் வாய் சமமாகிவிட்டது. தூள் நொறுங்கி மென்மையாகும்போது கரகரப்பான ஓசை தணிந்துவிடும். அப்போது புதுத்தூள் இட வேண்டும். உள் ஓரத்துக்கு அதே மார்க்கர் பேனாவின் மேல் வாட்டர் பேப்பரைச் சுற்றிக்கொண்டால் வளைவுக்குப் பொருந்தும்.

இது எல்லாமே ஈரத்தில் நடக்க வேண்டும். எங்கள் பட்டறைகளில் ரம்பத்தின்மேல் இடைவிடாமல் தண்ணீர் ஓடுவது ரம்பம் சூடாகாமல் இருக்க மட்டுமல்ல. உலர்ந்த கல்தூள் நுரையீரலை என்ன செய்யும் என்பதைக் கல் வேலை செய்கிற குடும்பங்கள் நன்கு அறியும். கண்ணாடித் தூள் கல்தூளைப் போன்ற படிகச் சிலிக்கா இல்லை என்றாலும், அதுவும் மூச்சில் போக வேண்டிய பொருள் அல்ல. தேய்த்த சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல், வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மண்ணில் ஊற்றி, அடிக்கசடைத் தாளில் மடித்து அகற்றுங்கள். இந்த வேலைக்கு எடுத்த கிண்ணமோ கரண்டியோ அம்மிக்கல்லோ திரும்பவும் சமையலுக்குப் போகக் கூடாது.

துளை பற்றி: சுவருக்குப் போடும் பிட் வேண்டாம். வைரத்தூள் பூசிய உள்ளீடற்ற ஆறு மில்லிமீட்டர் பிட் ஒன்று வாங்குங்கள். டிரில்லில் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். துளையிடும் இடத்தைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒரு சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் பிட் முழுநேரமும் நனைந்திருக்கும். முதலில் பிட்டைச் சாய்த்துப் பிடித்துப் பிறைவடிவில் ஒரு தடம் ஏற்படுத்தி, பிறகு நிமிர்த்துங்கள். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். மறுபக்கம் எட்டப்போகும் தறுவாயில் அழுத்தத்தை அறவே குறைத்துவிடுங்கள், அங்கேதான் சில்லு தெறிக்கும். துளைக்கும் விளிம்புக்கும் இடையே கண்ணாடித் தடிமனைப்போல் இரண்டு மடங்காவது இடம் விடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் வேலை என்பதால் பேட்டரியில் ஓடும் டிரில் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். டிரில் இல்லாதவர்கள் செம்புக் குழாய்த் துண்டின் முனையில் அதே சிலிக்கான் கார்பைடு தூளை ஈரமாக இட்டுத் திருகித் திருகியும் துளைக்கலாம். மென்மையான செம்பில் தூள் பதிந்துகொண்டு அதுவே பல்லாகிவிடும். பழைய எகிப்தியர்கள் கல்லையே செம்புக் குழாயும் மணலும் கொண்டு துளைத்திருக்கிறார்கள்.

பதில்: ஓசூர் சுடர்வேலை

அடுப்பில் மணி உருக்கும் காணொளியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். சமையல் அடுப்பில் இதைச் செய்ய வேண்டாம். ஜன்னல் கண்ணாடியும் பாட்டில் கண்ணாடியும் ஏறத்தாழ 700 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். அடுப்புச் சுடர் பரவி எரிவதால் துண்டு முழுதாக அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன்பே, ஒரு பக்கம் மட்டும் சூடாகிச் சுள்ளென்று வெடித்துச் சிதறும். சோறு பொங்கும் இடத்தில் சில்லு விழுவதை ஏற்க முடியாது.

கையடக்க டார்ச்சில் மெல்லிய கண்ணாடிக் கம்பிகளைக் கொண்டு மணி செய்பவர்கள் உண்டு. அதிலும் வீட்டுப் பொருள்களுக்கு இடம் இருக்கிறது. இளகிய கண்ணாடியை உருட்டித் தட்டையாக்கப் பழைய ஸ்டீல் கத்தியின் முதுகும், எண்ணெய் காணாத இரும்புத் தோசைக்கல்லும் நன்றாக உதவும். கல்பட்டறை நண்பர் சொன்ன கிரானைட்டை மட்டும் இதற்குக் கொள்ளாதீர்கள். திடீர்ச் சூட்டில் கல் பெயர்ந்து தெறிக்கும். மணியைச் சுற்றும் கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்கைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. துத்தநாகம் பூசிய ஸ்போக்கைச் சுடரில் காட்டினால் எழும் புகை உடலுக்குக் கேடு. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எடுங்கள்.

சூட்டு வேலையில் வீட்டுப் பொருள் எட்டாத இடம் ஆறவைப்பதுதான். சாதாரணக் கண்ணாடியை 550 டிகிரி அளவில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல இறக்கினால்தான் உள்ளே தேங்கிய இறுக்கம் தளரும். சாம்பலிலோ மணலிலோ புதைப்பது குளிர்வதைத் தாமதப்படுத்துமே தவிர, அந்தச் சூட்டில் நிறுத்திவைக்காது. ஆகவே இன்று முழுதாகத் தெரியும் மணி சில வாரங்கள் கழித்து மேசைமேல் கிடந்தபடியே பிளக்கலாம். ஒரு பாட்டிலின் கண்ணாடியை வேறொன்றோடு சேர்த்து உருக்கினாலும் விரியும் அளவு வேறுபட்டால் இதே கதிதான். திருப்பதிக்கு அருகே பாப்பநாயுடுபேட்டையில் நீண்ட இரும்புக் குழாயும் கொக்கியும் கொண்டு உலையிலிருந்து கண்ணாடியைக் குழலாக இழுத்து மணி செய்யும் மரபு இருந்திருக்கிறது. அரிக்கமேட்டு மணிகளும் அந்த முறையைச் சேர்ந்தவை. கருவிகள் அங்கே எளியவைதான். ஆனால் உலையை அறிந்தவர்களின் கைப்பழக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. உங்கள் குழு இப்போதைக்குச் சூடில்லாத வேலையிலேயே நிலைத்திருப்பது நல்லது.

மீண்டும்: பாலக்கோடு கைவினை

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. கட்டரும் வாட்டர் பேப்பரும் வாங்கிவிடுகிறோம். சூட்டு வேலையை விட்டுவிடுகிறோம். இன்னும் மூன்று ஐயங்கள். விளக்குக் கூண்டில் கோலம்போல் மங்கலான வடிவம் பதிக்க, கண்ணாடியை அரிக்கும் அமிலம் கடையில் கிடைக்கும் என்கிறார்கள், அதை வாங்கலாமா? 25 வாட் சால்டரிங் அயன் துண்டுகளை இணைக்கப் போதுமா? வெட்ட முடியாத கண்ணாடி என்று ஒரு வகை உண்டாமே, அதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: அரூர் வேதியியல் ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் ஐயத்துக்கு என் பதில், அருள்கூர்ந்து வாங்க வேண்டாம் என்பதே. மற்ற அமிலங்களைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைக்கிறோம். கண்ணாடியையே கரைப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அரிக்கும் பசை என்று விற்கப்படுபவையும் பெரும்பாலும் ஃபுளோரைடு உப்புகளைக் கொண்டே அந்த வேலையைச் செய்கின்றன. மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறிக் கழுவிவிடுவோம். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் பல மணி நேரம் வரை வலியே தெரியாமல் இருக்கலாம். அதற்குள் அது தோலைக் கடந்து உள்ளே சென்று, உடலின் கால்சியத்தோடு பிணைந்து, எலும்பையும் இதயத் துடிப்பையும்கூடப் பாதிக்கக் கூடியது. அதற்கு முதலுதவியான கால்சியம் குளுகோனேட் களிம்பை வீட்டில் யாரும் வைத்திருப்பதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஃபுளோரைடைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகளால் பற்களில் கறையும் எலும்பில் முடக்கமும் கண்ட ஊர்கள் நம்முடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். அந்தத் தனிமத்தின் கடுமையான வடிவத்தை நாமாக வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

மங்கல் வடிவத்துக்கு அமிலம் இல்லாத வழி எளிது. இன்சுலேஷன் டேப்பையோ ஸ்டிக்கர் தாளையோ கண்ணாடியில் அழுத்தி ஒட்டி, மங்கலாக வேண்டிய பகுதியை மட்டும் கூர்க்கத்தியால் வெட்டி உரித்துவிடுங்கள். திறந்த பகுதியில் சிலிக்கான் கார்பைடு தூளையும் சில சொட்டுத் தண்ணீரையும் இட்டு, விளிம்பு மழுக்கிய ஒரு சிறு கண்ணாடித் துண்டால் வட்டமாகத் தேய்த்தால் பால்நிறத்தில் ஒரே சீரான மங்கல் வரும். டேப்பின் ஓரத்தில் தூள் புகாமல் இருக்க ஓரங்களை நகத்தால் நன்றாக நீவிவிட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெரியவர் உடனிருக்க இதைச் செய்யலாம். பல கண்ணாடிகளில் ஒரே வடிவம் வேண்டுமென்றால், திறப்பு விழாக் கல்வெட்டுகளை ரப்பர் ஒட்டி மணல் பீய்ச்சிப் பொறிக்கும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். கல்லுக்குச் செய்வதைக் கண்ணாடிக்கும் குறைந்த அழுத்தத்தில் செய்ய முடியும்.

பதில்: கிருஷ்ணகிரி கண்ணாடிக்கடை

மற்ற இரண்டுக்கு நான் சொல்கிறேன் அம்மா. செம்புப் பட்டையை விளிம்பில் ஒட்டி ஈயம் இழுத்து இணைக்கும் முறைக்கு 25 வாட் போதாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டரிங் ஈயக்கம்பி 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், ஆனால் நீளமான பட்டை சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுவதால் முனை ஆறி, ஈயம் திட்டுத்திட்டாக நிற்கும். 60 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். பட்டையை அழுத்தி நீவ பழைய பேனாவின் மூடியே போதும். துண்டுகள் நகராமல் இருக்க ஒட்டுப்பலகையில் சுற்றிலும் சிறு ஆணிகளை அடித்து அணைகட்டலாம். காற்றோட்டமான இடத்தில் செய்து, வேலை முடிந்தவுடன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈயம் இட்ட எதையும் குடிக்கவோ உண்ணவோ பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகள் வாயில் வைக்கும் உயரத்திலும் தொங்கவிட வேண்டாம்.

வெட்ட முடியாதது டஃபன்ட் எனப்படும் வலுவேற்றிய கண்ணாடி. அதன் மேற்பரப்பு முழுவதும் இறுகிய நிலையில் இருப்பதால், எந்த இடத்தில் வெட்ட முயன்றாலும் முழுத்துண்டும் மணிமணியாக நொறுங்கிவிடும். காரின் பக்கக் கண்ணாடி, அடுப்பின் மேல்தட்டு, குளியலறைக் கதவு, பல சாப்பாட்டு மேசைகளின் மேற்கண்ணாடி ஆகியவை இந்த வகை. மூலையில் சிறு முத்திரை பொறித்திருக்கும்; ஆனால் முத்திரை இல்லாத துண்டும் உண்டு. போலராய்டு கூலிங் கிளாஸ் யாரிடமாவது இருந்தால், மடிக்கணினித் திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்துக் கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைத் திருப்பித் திரை இருண்டு தெரியும் நிலையில் நிறுத்தினால், டஃபன்ட் கண்ணாடியில் திட்டுகளோ பட்டைகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடி வெறுமையாக இருக்கும். உங்கள் லூவர் துண்டுகள் சாதாரண வகையாகத்தான் இருக்கும், இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கட்டர் வாங்கும் அன்றே ஆளுக்கொரு பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் வாங்கிவிடுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் காக்காது. மிஞ்சும் சில்லுகளைத் தடித்த அட்டைப்பெட்டியில் போட்டு, டேப்பால் மூடி, ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தனியாகக் கொடுங்கள், ஏனென்றால் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தருமபுரியிலிருந்து துண்டுகளைப் பேருந்தில் கொண்டுவருவதானால், படுக்கையாக அடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடையே செய்தித்தாள் வைத்துச் சாக்கில் கட்டி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்த கண்ணாடி பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினாலே நடுவில் விட்டுப்போகும்.